பாடக் குறிப்பிலிருந்து புத்தகம் வரை: குமாரி ஜயவர்தனவும் ஊவாத் தோட்டப் பெண்களும்



இது ஆசிரியை ஒருவரின் நினைவாக அறக்கட்டளை ஒன்று பதுளையில் நடத்தும் சொற்பொழிவு. கற்பிப்பதையும் எழுதுவதையும் பதிப்பிப்பதையும் ஒரே வேலையாகச் செய்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது. கலாநிதி குமாரி ஜயவர்தன பதுளையில் பிறந்தவர் அல்லர், தமிழரும் அல்லர். 1931இல் பிறந்தவர். தந்தையார் ஏ. பி. டி சொய்சா அரசாங்க சபை உறுப்பினர். சிங்கள அகராதி வெளியிட்டவர். தாயார் எலனோர் ஹட்டன் ஆங்கிலேயப் பெண். கொழும்பு லேடீஸ் கல்லூரியில் படித்து, லண்டனுக்கும் பாரிஸுக்கும் போய், லண்டன் பொருளியல் கல்லூரியில் 1964இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இப்படிப்பட்ட ஒருவருக்கும் நமது தோட்ட லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றத்தைப் பற்றியது. 1972இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. 1893இல் கொழும்பில் கேவ் கம்பனியின் அச்சுக்கூடத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம், 1906இல் வண்டிக்காரர்கள் செய்த வேலைநிறுத்தம், 1912இல் ரயில்வே தொழிலாளர்கள் செய்தது, 1923இன் பொது வேலைநிறுத்தம், 1929இல் ட்ராம் தொழிலாளர்கள் செய்தது என்று கொழும்பு நகரத்தின் கதையாக அது விரிகிறது. ஆனால் கொழும்போடு நின்றுவிடவில்லை. மலையேறித் தோட்டத்துக்கும் வந்தது. ஆட்களைத் திரட்டிய கங்காணி முறையையும், அவர்களைக் கடனில் கட்டிய துண்டு முறையையும், தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து இங்கே வந்து பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் ஆன கோ. நடேசய்யரையும் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றின் பகுதியாகவே அது பேசியது.

அந்த 1972ஐ நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்கள் இன்னும் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டு வைத்திருந்தது. கப்பல் ஏற வேண்டியவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தது. இந்த நாட்டுக்காரர்களே அல்லர் என்று சட்டம் சொன்ன மக்களை, இந்த நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் வைத்து எழுதினார் ஒரு சிங்களக் குடும்பத்துப் பெண். ஆய்வாளர்களுக்கு இது சாதாரண விடயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. வரலாற்றில் இடம் கொடுப்பதும் குடியுரிமைக்கு வாதாடுவதும் ஒன்றுதான் என்று அந்தப் புத்தகத்தைப் படித்த நாள் முதல் நம்பி வருகிறேன்.

வாக்குரிமைக் கதையையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடியதைப் பரவலாக அறியச் செய்தவர்களில் குமாரி ஜயவர்தன முக்கியமானவர். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் விசாரணை நடத்தியபோது சங்கத்தின் சார்பில் போன பெண்களில் ஆக்னஸ் டி சில்வா ஒருவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்று டொனமூர் பிரபு அவரிடம் கேட்டார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை என்று ஆக்னஸ் பதில் சொன்னார்.

மாணவிகளே, இந்தப் பதிலை நினைவில் வையுங்கள். அந்தக் காலத்து அரசியல் தலைவர்களில் பலர் தோட்டத் தமிழருக்கு வாக்கே கூடாது என்று வாதாடினார்கள். வசதியான குடும்பத்துப் பெண்ணொருவர், நம் பாட்டியையும் பூட்டியையும் கண்ணால் கண்டிருப்பாரோ என்னவோ, அவர்களையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு வதிவிட நிபந்தனைகள் போட்டு அதைச் சுருக்கினார்கள். அப்படியிருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். பதுளையிலிருந்து போனவர் எஸ். எம். சுப்பையா. 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆக்னஸ் கேட்டு வாங்கியதைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது.

இனி குமாரி ஜயவர்தனவின் வகுப்பறைக்கு வருவோம். 1969 தொடங்கி 1985 வரை குமாரி ஜயவர்தன கொழும்பில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்தார். 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சமூகக் கற்கைகள் நிறுவகத்தில், பெண்களும் அபிவிருத்தியும் என்ற பாடநெறியில் பாடம் நடத்தினார். ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பெண்கள் வந்து படித்த வகுப்பு. அவர்களுக்குக் கொடுக்கப் பாடப்புத்தகம் இல்லை. பெண்ணியம் என்றால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் என்றுதான் நூல்கள் இருந்தன. ஆகவே அவரே பாடக் குறிப்பு எழுதினார். 1982இல் அந்த நிறுவகம் அதை வெளியிட்டது. 1986இல் அதுவே வளர்ந்து லண்டனின் ஸெட் பதிப்பகத்தில் ‘மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும்’ என்ற பொருளுடைய ஆங்கில நூலாக வந்தது. டில்லியில் காளி ஃபார் விமன் அதை வெளியிட்டது. 1970, 80களில் வந்த பெண்ணிய நூல்களில் மிக முக்கியமான இருபதைத் தெரிந்தெடுத்த அமெரிக்காவின் மிஸ் சஞ்சிகை, அதில் இந்த நூலையும் சேர்த்தது. வகுப்புக்காக எழுதிய குறிப்பு உலகம் முழுக்கப் பாடப்புத்தகமானது.

இங்குள்ள ஆசிரியைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் போதவில்லை என்பதற்காக இரவிலிருந்து நீங்கள் எழுதும் குறிப்புகள், ரோணியோ எடுத்த தாள்கள், பிறகு போட்டோ கொப்பி எடுத்த தாள்கள், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் பக்கங்கள் எல்லாம் தவணை முடிந்ததும் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் எத்தனை புத்தகம் இருந்திருக்கும்!

அந்த நூல் எகிப்து, துருக்கி, ஈரானிலிருந்து தொடங்கி இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம், கொரியா, ஜப்பான் வரை போகிறது. பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில் சொல்கிறது. அந்தந்த நாட்டின் விடுதலைப் போராட்டத்துக்குள்ளேயே பெண்கள் தமக்கான கேள்விகளை எழுப்பினார்கள் என்பதை ஒவ்வொரு நாடாகக் காட்டுகிறது. அதில் வரும் பெண்களில் பலர் ஆசிரியைகள் என்பது கவனிக்க வேண்டியது. ஜாவாவின் கார்த்தினி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்; 25 வயதில், 1904இல், பிள்ளைப்பேற்றை அடுத்து இறந்தார்; அவருடைய கடிதங்கள் 1911இல் நூலாகி அவரைவிட நெடுநாள் வாழ்கின்றன. சீனாவின் சியூ ஜின் ஷாங்ஹாயில் பெண்களுக்கான பத்திரிகை தொடங்கினார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1907இல் மஞ்சு அரசு அவருடைய தலையை வெட்டியது. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் ஒருங்கே நடந்த இடங்களில்தான் பெண்கள் இயக்கம் வேர்விட்டது. குமாரி ஜயவர்தன அதை எழுதியதோடு நிற்காமல் தாமும் அவ்வழியே நடந்தார்.

1977இல் சமூக விஞ்ஞானிகள் சங்கம் தோன்றியபோது தொடக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கம் ஆய்வரங்கு நடத்தியது, நூல்களும் சஞ்சிகைகளும் வெளியிட்டது. 1978இல் சில பெண்களோடு சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் சஞ்சிகை சிங்களத்தில் ‘காந்தா ஹண்ட’, தமிழில் ‘பெண்ணின் குரல்’, ஆங்கிலத்தில் ‘வொய்ஸ் ஒஃப் விமன்’ என்று மூன்று மொழியிலும் வந்தது. பெரிய பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் நூல் போட வழியிருந்த ஒருவர், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெல்லிய சஞ்சிகைக்கு மெய்ப்பு பார்க்கும் வேலையில் சேர்ந்தார் என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1983 ஜூலை இனவன்முறையில் பதுளை நகரின் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிந்ததை இந்த அவையில் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். அதன் பிறகு, 1985இல், சிங்கள பௌத்த உணர்வின் நூறாண்டு வரலாற்றையும் இன, வர்க்க முரண்பாடுகளையும் ஆராய்ந்து அவர் வெளியிட்ட நூல் அவருடைய சொந்தச் சமூகத்தையே நேர்முகமாகப் பார்த்துக் கேள்வி கேட்டது. அந்தக் காலத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமான நூல் 2015இல் வந்தது. ரேச்சல் குரியனோடு சேர்ந்து அவர் எழுதியது; இலங்கைத் தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் ஆகியவை இரண்டு நூற்றாண்டுகளாக எப்படிச் சேர்ந்து இயங்கின என்பதைச் சொல்வது. ரேச்சல் குரியன் 1982லேயே சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்துக்காக நம் தோட்டப் பெண்களைப் பற்றி ஆய்வறிக்கை எழுதியவர். கரிபியன் தீவுகளின் அடிமைத் தோட்டங்களில் உருவான ஆட்சிமுறை இங்கே எந்தெந்த வடிவில் வந்து இறங்கியது என்று தொடங்கி, துரை, கங்காணி, கணவன் என்று மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக நிற்கும் ஆண்களின் அதிகாரத்தை அந்நூல் காட்டுகிறது.

ஒரேயொரு கணக்கை மட்டும் எடுத்து இங்கே விரிக்கிறேன். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இந்த மூன்று எண்ணையும் பலகையில் எழுதி மாணவிகளிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். பெண்ணின் உழைப்பு ஆணைவிட 11 சதம் மலிவு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இடையிலும் அதே 11 சதம். ஆணுக்கும் குழந்தைக்கும் சரியாக நடுவில் பெண்ணை நிறுத்திய சட்டம் அது. தேயிலைத் தோட்டத்தின் வருமானம் முழுக்கக் கொழுந்திலிருந்து வருகிறது. அந்தக் கொழுந்தை எடுத்தவர்கள் பெண்கள். எடுத்தவளுக்கு 43, முள்ளு குத்தியவனுக்கும் கவ்வாத்து வெட்டியவனுக்கும் 54. தோட்டத்தில் ஆண் பெண் கூலி சமமானது 1984இல்தான், அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. கொடுத்த வாக்குரிமையைத் திருப்பி எடுக்க ஒரு சட்டத்துக்குச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. 11 சதத்தைத் திருப்பிக் கொடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

நாட்கூலி ஒரு பக்கம். அந்த நாள் எப்படிப் போனது என்பது இன்னொரு பக்கம். விடிய ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, படங்கை இடுப்பில் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். கவ்வாத்து மலையில் கணக்கு வேலை பார்க்கும் ஆண் மத்தியானத்தோடு முடித்துக்கொண்டு வீடு திரும்பலாம். கொழுந்துக்காரி அந்திநேர நிறுவைவரை நிற்க வேண்டும். நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, மழைத் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். போட்ட அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. சம்பள நாளில் வரிசையில் நின்று அவள் பெயருக்குரிய பணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனது பல தோட்டங்களில் புருஷன்தான். இதையெல்லாம் அந்த ஆய்வாளர்கள் நூலில் எழுதினார்கள். நம்மில் பலர் இதை வீட்டில் பார்த்தோம்; எழுத வேண்டிய விடயம் என்று தோன்றவேயில்லை.

கற்பித்தும் எழுதியும் அச்சிட்டும் போகும் இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்துபோன நம் பெண்ணொருவர் உண்டு. மீனாட்சி அம்மாள் நடேசய்யர். அவரை நடேசய்யரின் மனைவி என்று ஒரு வரியில் முடிப்பது நம் வழக்கமாகிவிட்டது. கணவரோடு சேர்ந்து ‘தேசபக்தன்’ பத்திரிகை வேலையில் ஈடுபட்டார். பெண்களின் உரிமையைப் பற்றி எழுதினார். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கிய பிறகு, ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பாடினார். பாட்டுகளைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டுக் கொடுத்தார். 1940இல் வந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ அவருடைய பாட்டுப் புத்தகம்.

தொழிற்சங்கக்காரர் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றம் என்று பொலிசைக் கூப்பிட்ட காலம் அது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அச்சிட்ட கட்டுரை அவர்களிடம் போய்ச் சேராது, பாட்டு சேரும். ஒரு முறை கேட்டவள் மறுநாள் கொழுந்து மலையில் அதை முணுமுணுப்பாள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் லயத்தில் தாளைப் பிடித்து வாசித்தால் இருபது பேர் கேட்பார்கள். கூலிக் குறைப்பு என்றால் என்ன, யார் குறைத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்பதைப் பாட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த அவரை நான் ஆசிரியர் என்றுதான் சொல்வேன். நியமனக் கடிதம் இல்லாத ஆசிரியர். மீனாட்சி அம்மாளைப் பெண்ணிய நோக்கில் மறுபடி வாசித்துப் பேசியவர்களுள் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுருவும் குமாரி ஜயவர்தனவும் உண்டு. ஒருவர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், மற்றவர் கொழும்பில். நாம் மறந்ததை அவர்கள் எடுத்துத் தந்தார்கள்.

ஊவாவில் என்ன நடந்தது என்று பார்த்தால், இங்கே கதைகளுக்குக் குறைவில்லை. 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்து மக்கள் வேலைநிறுத்தம் செய்து, தாமே தெரிவுசெய்த சபையோடு துரை பேச வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் ஆயுதங்களைப் பறித்தார்கள். கடைசியில் அடக்குமுறையும், ஊவாவை நாட்டிலிருந்தே துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்துதான் அந்த வேலைநிறுத்த அலையை அடக்கின. இடதுசாரி வரலாறுகளில் இதற்குச் சில பத்திகள் உண்டு. அந்தப் பத்திகளில் பெண் ஒருத்தியின் பெயரையும் நான் காணவில்லை. பொலிசைச் சூழ்ந்த கூட்டத்தில் பெண்கள் நிற்கவில்லை என்று தோட்டத்தை அறிந்த எவரும் நம்பமாட்டார்கள்.

ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, மலையகச் சிறுகதையின் முதல் வரிசையில் நின்றார். அதே தலைமுறையில், அதே தோட்டத்தில், அதே திறமையோடு பிறந்த பெண்பிள்ளை எங்கே போனாள்? ஐந்தாம் வகுப்போடு நின்று கூடை மாட்டினாள். 1907ஆம் ஆண்டுச் சட்டமே தோட்டப் பிள்ளைக்கு ஆறு முதல் பத்து வயதுவரை படிப்புப் போதும் என்றுதான் நினைத்தது. 1945இல் நாடு முழுக்க இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கும்வரை ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர் என்பதே பெரும்பாலான இடங்களில் நிலைமை. பிறகுதான் நமது பெண்கள் சாதாரண தரம், உயர்தரம் தாண்டி, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி பெற்று ஆசிரியைகளாக வந்தார்கள். மலையகப் பெண் எழுத்தும் அவர்களோடுதான் பெருகியது. பெண்ணுக்கு ஆசிரியத் தொழில்தான் சொந்தப் பணத்தையும், பூட்டி வைக்க ஒரு மேசை லாச்சியையும், வாசிக்க நூலகத்தையும் கொடுத்தது.

அதற்கு முன்பு எழுதியவர்களும் இல்லாமல் இல்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில் வந்தது; பின்னாளில் தாமே அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1997இல் துரைவி பதிப்பகம் மலையகச் சிறுகதைகளை இரண்டு பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்தது. பெண்களின் கவிதைகளை மட்டும் தொகுத்த ‘இசை பிழியப்பட்ட வீணை’ 2007இல் வந்தபோது, அதை வெளியிட்டது புலம்பெயர்ந்த பெண்களின் ஊடறு. நம் பெண்களின் கவிதைத் தொகுதிக்குக் கடல்தாண்டிப் பதிப்பாளர் தேடும் நிலை எனக்கு வருத்தம் தருகிறது. அவர்கள் செய்தது நன்றிக்குரியது. பதுளையில் அச்சகம் இல்லையா? கல்யாணப் பத்திரிகையும் தேர்தல் சுவரொட்டியும் இந்த நகரத்தில் இராப்பகலாக அச்சாகின்றன.

ஆசிரியை என்ற பதவி பாதுகாப்பானது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2018 ஜனவரியில், மாணவியொருவரைச் சேர்க்கும் விவகாரத்தில் விதிப்படி நடந்துகொண்ட பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர், மாகாணத்தின் உயர் அரசியல் அதிகாரத்தின் முன் முழந்தாளிட வைக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து முதலமைச்சர் விலக நேர்ந்தது. அந்த அதிபர் மௌனமாக இருந்திருந்தால் அது நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வாய்திறந்தார். அதிகாரமுள்ள ஆண் முன்னால் பெண் குனிய வேண்டும் என்ற தோட்டத்துப் பழக்கம் நகரத்துப் பாடசாலைவரை எப்படி வந்தது என்பதற்குக் குமாரி ஜயவர்தனவின் நூலில் விளக்கம் இருக்கிறது. அந்த அதிபர் அனுபவித்ததை அவருடைய வார்த்தையில் எழுதிய நூல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். குமாரி ஜயவர்தன தம் பெருநூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்தைப் பற்றிய அவருடைய ஆதாரங்களில் பெரும்பகுதி ஆணைக்குழு அறிக்கைகளும், துரைமாரின் பதிவுகளும், அரசாங்கக் கடிதங்களும், ஆய்வாளர் குறிப்புகளும். பெரட்டுக்களத்தில் நின்ற பெண் தமிழில் என்ன சொன்னாள், எந்தச் சொல்லால் கங்காணியை ஏசினாள், எந்த ஒப்பாரியில் தன் கூலியைச் சேர்த்துப் பாடினாள் என்பது அவற்றில் கிடைக்காது. அதை அவர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. கதவுவரை வந்து தட்டியவர் அவர். உள்ளேயிருந்து பேச வேண்டியவர்கள் நாம். நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். கண்காட்சிகளும் மலர்களும் வந்தன. அந்த எழுச்சி மங்கிவிடுமுன் இந்த அறக்கட்டளை ஒரு வேலையைக் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்பிரிங்வெளி, நமுனுகல, மடுல்சீமை, தெமோதரை, கொஸ்லந்தை, ஹல்துமுல்லைப் பக்கங்களில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கொழுந்துக்காரிகள் இன்னும் இருக்கிறார்கள். சமகூலி வந்த 1984ஐயும், 1983இல் காட்டுக்குள் ஒளிந்த இரவுகளையும், கப்பலேறிய அக்கா தங்கைகளையும் நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள். 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது உயிர்தப்பியவர்களும் இருக்கிறார்கள். முதல் தலைமுறைத் தோட்ட ஆசிரியைகள் ஓய்வூதியத்தில் வீட்டில் இருக்கிறார்கள். பாடசாலைகளின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் கறையான் பிடித்து அலுமாரிகளில் கிடக்கின்றன. எந்தப் பிள்ளை எந்த மாதம் படிப்பை விட்டு மலைக்குப் போனது என்பது அவற்றில் தேதியோடு இருக்கிறது.

ஒவ்வொரு வலயத்திலும் ஆசிரியைகள் இருவர், உயர்தர மாணவிகள் நால்வர் என்று சேர்ந்தால் போதும். கைத்தொலைபேசியில் பதிவு செய்யலாம். சொன்னவளின் பேச்சைத் திருத்தாமல் எழுத வேண்டும்; ‘பெரட்டு’ என்று சொன்னால் பெரட்டு என்றே அச்சில் வர வேண்டும். சொன்னவளுக்கு வாசித்துக் காட்டி, பெயர் போடலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பது நாற்பது பக்கத்தில் சிறு நூல்களாக, தமிழிலும் சிங்களத்திலும், பஸ் செலவைவிடக் குறைந்த விலையில் வர வேண்டும். விற்க வேண்டிய இடம் கொழும்புப் புத்தகக் கண்காட்சி இல்லை. சம்பள நாளில் தோட்டச் சந்திக் கடை, கோயில் திருவிழா, பாடசாலைப் பெற்றோர் கூட்டம். மீனாட்சி அம்மாள் விநியோகித்த வழி அதுதான்.

ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை அச்சிட்டு அனுப்புகிறீர்கள். அடுத்த ஆண்டு அந்த அச்சுச் செலவை முதல் சிறுநூலுக்குக் கொடுங்கள். சொற்பொழிவாளரை அழைப்பதற்குப் பதில், அந்த நூலில் பேசிய பெண்களில் இருவரை இந்த மேடையில் உட்கார வையுங்கள். பசறைப் பக்கத்துப் பதிவு வேலையைப் பார்த்துக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன். விருப்பமுள்ள ஆசிரியைகள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரையும் பாடசாலையையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.